பட்டன்தான் பாக்கி

எங்கள் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், தையல்காரர். முப்பது வருடத் தொழிலில் ஒரு சாண் துணி திருடியதில்லை, ஒரு அளவு தவறியதில்லை. ஆனால் ஒரு பொய் சொல்வார். ஒரே ஒரு பொய்தான், அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார்.

"எல்லாம் முடிஞ்சுது, பட்டன்தான் பாக்கி."

கேட்டவர் நிம்மதியாகத் திரும்பிப் போவார். அவருடைய துணியோ வெட்டுப்படாமல், கொண்டுவந்த பையிலேயே அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தவரிடமும் இதையே சொல்லி அனுப்பினார். திரைச்சீலைக்கு ஏது பட்டன் என்பது அந்த மனிதருக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்ததாம்.

கடை, வீட்டின் முன்னறை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு பெரிய பட்டன் டப்பா. சுவரில் சிவப்புப் பெயிண்டில் அவர் கையாலேயே எழுதிய வாசகம்: "பாபினை இறுக்கிச் சுற்று. லூசு நூல், சிக்கு நூல்." வேலைக்கு வந்தவர்கள், அடிநூல் சுற்றுகிற குட்டிச் சக்கரமான பாபினைத் தளர்வாகச் சுற்றி, மெஷினுக்குள் நூல் சிக்கி, அதை எடுக்கவே பாதி நாள் போன கோபத்தில் எழுதியது. எழுதிய பிறகும் ஒருத்தரும் திருந்தவில்லை. எல்லோரும் வேலையை விட்டுப் போனார்கள், வாசகம் மட்டும் நின்றது.

என் அக்கா கால்நடை டாக்டர். நான் அவளிடம் கம்பவுண்டர். வீட்டில் தம்பி, வேலையில் கம்பவுண்டர், இரண்டு இடத்திலும் திட்டு ஒன்றுதான். மாமா ஒரு பொய்யோடு காலம் தள்ளுகிறவர் என்றால் அக்காவுக்கு அந்த ஒன்றும் வராது. "உங்க மாடு நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அதுக்குச் சரியாத் தீனி போடல" என்று மாட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வாள். இந்த இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தினமும் காலையில் அவளுடைய மருந்துப் பையை அவர்தான் எடுத்து வைப்பார். ஜீப் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில் நிற்பார். ஆனால் அந்த ஜீப்பில் மட்டும் ஏறமாட்டார். "அது குலுக்குற குலுக்கலுக்கு என் கண்ணாடி தங்காது மாப்ளே" என்பார். பயம் என்று சொல்ல வெட்கம்.

பண்ணைகளுக்குப் போகிற வழியெல்லாம் மழைக்காலத்தில் சேறு. அதனால் ஜீப்பின் முன்பம்பரில் ஒரு வின்ச் உண்டு. ஒரு மோட்டார், அது சுழற்றுகிற ஒரு டிரம், டிரம்மில் சுற்றிய எஃகுக் கம்பி, நுனியில் கொக்கி. வண்டி சேற்றில் மாட்டினால் கம்பியை எதிரே ஒரு மரத்தில் கட்டி, மோட்டாரை ஓட்டினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆயிரம் நல்லது செய்த அந்தக் கம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முழு இழுப்பில் இருக்கும்போது அறுந்தது.

எஃகுக் கம்பி அறுந்தால் விழாது. சாட்டையாகச் சுழன்று வரும். என் தலைக்கு மேலே "விர்"ரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜீப்பின் முன்கண்ணாடி இல்லை. அன்று குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்ததால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேலை நேரத்தில் செருப்பைக் கவனிக்கிறேன் என்று அக்கா என்னை எத்தனை முறை திட்டியிருப்பாள்!

வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்று நான் தீர்மானித்திருந்தேன். அக்கா வாசலில் கால் வைத்ததும் சொல்லிவிட்டாள். சொன்னேனே, அவளுக்குப் பொய் வராது என்று.

மாமா ஜீப் சாவியை எடுத்துப் பட்டன் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"அந்தக் கம்பியை மாத்துற வரைக்கும் வண்டி கேட்டைத் தாண்டாது" என்றார்.

"மழை பிடிச்சாச்சு. இனிமேத்தான் எனக்கு வேலையே" என்றாள் அக்கா.

"தாண்டாது."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. "சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்துங்க. அதுவரைக்கும் தம்பியோட ஸ்கூட்டர்ல போய்க்கறேன்" என்றாள். ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் மாமா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் வெட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, அந்தக் கம்பி உன் தலைக்கு மேல எவ்வளவு ஒசரத்துல போச்சு?"

"குனிஞ்சிருந்த தலைக்கு மேல ஒரு சாண் மாமா."

"உங்கக்கா செருப்பைப் பாத்துக் குனியறவ இல்ல" என்றார்.

கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தேன்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் கேட்லாக். எதைக் கேட்டாலும் அச்சடித்ததைத்தான் ஒப்பிப்பார். மாமா தன் கடை அளவுச் சீட்டு ஒன்றை மேஜையில் வைத்தார். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் "ஜீப்" என்று எழுதியிருந்தது. இடுப்பு என்ற இடத்தில் டிரம்மின் சுற்றளவு. தோள் என்ற இடத்தில் அதன் அகலம். கழுத்து என்ற இடத்தில் கயிறு வெளியே வருகிற வாய்.

கேட்லாக் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்தார். "சிந்தெடிக் ரோப் சார். பன்னெண்டு புரி. அதே தடிமன் கம்பியைவிட பலம், எடை ஏழுல ஒரு பங்கு. தண்ணியில மிதக்கும்."

மாமா துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"துவைச்சா சுருங்குமா?"

"சார், இது கயிறு."

"தெரியுது. துவைச்சா சுருங்குமான்னு கேட்டேன்."

நான் அங்கே தொங்கிய டயர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் கேட்லாக் அசராமல் மேஜை மேலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். "துவைக்கணும் சார். மண்ணு உள்ள போனா நூலை உள்ளேர்ந்து அறுக்கும். வெறும் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடணும். வெயில்லயே கெடந்தா பலம் போயிடும்."

"பட்டு மாதிரி" என்றார் மாமா, மரியாதையோடு. பிறகு, கேட்கவே பயந்ததைக் கேட்கிற மாதிரி, "அறுந்தா?"

"கம்பி மாதிரி அடிக்காது சார். பெரும்பாலும் அறுந்த எடத்துலயே பொத்துன்னு விழுந்துடும்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னுதான் சார் போட்டிருக்கு."

"அந்த மிச்சம் யாருக்கு?"

கேட்லாக்குக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்க்கையில் வந்ததில்லை. "இழுக்கும்போது கயித்து மேல கனமா ஒரு சாக்கைப் போடச் சொல்றாங்க சார், அப்ப எழும்பாது" என்றார். மாமா சட்டென்று அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு சாக்கு வரைந்தார். இரண்டு பக்கமும் பாக்கெட், பாக்கெட்டில் மணல்.

இன்னும் தடிமனான கயிறு இருக்கிறதா என்று கேட்டார். டிரம்மில் அடங்காது, மோட்டார் இழுக்கும் பலத்துக்கு இரண்டு மடங்கு தாங்கினால் போதும் என்றார் கேட்லாக். "ரெட்டைத் தையல்" என்று மாமா தலையாட்டிக்கொண்டார். நீளம் இருபத்தெட்டு மீட்டர். நிறத்துக்கு மட்டும் அரை மணி நேரம். ஜீப்பின் சாம்பல் நிறத்துக்குச் சாம்பல்தான் எடுக்கும் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்க, நான் அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "சேத்துல கெடந்தா கண்ணுக்குத் தெரியணும். ஆரஞ்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஆரஞ்சு சாம்பலுக்கு எடுக்காது" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். ஜீப் என்ன கல்யாணத்துக்கா போகப்போகிறது?

அடுத்த இரண்டு நாள் அவர் செய்த வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பழைய கம்பியைக் கழற்றியதும், ஒரு ஷிஃபான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு டிரம் முழுக்கத் தடவினார். ஷிஃபான் எங்கே இழுத்துப் பிடித்ததோ அங்கே முள். எஃகுக் கம்பி கீறிக் கீறி எழுப்பின முள், கண்ணுக்கே தெரியாது. "ஊசித்தட்டுல இந்த மாதிரி ஒரு முள் இருந்தா போதும் மாப்ளே, தைக்கத் தைக்க நூல் அறும்" என்று சொல்லி ஒவ்வொன்றாக உப்புத்தாளால் தேய்த்தார். கயிறு வெளியே வருகிற வாயில் நான்கு உருளைகள் இருந்தன. அவற்றில் ஷிஃபான் கிழிந்தே போனது. "இந்த வாய் ஆகாது" என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழவழப்பான அலுமினிய வாய் ஒன்றை வாங்கி மாட்டினார். ஆளை வீட்டுக்கே வரவழைத்து ஜீப்புக்கு முன்கண்ணாடி போட்டார். மணல் பாக்கெட் வைத்த சாக்கைத் தைத்தார். வெயில் படாமலிருக்க வின்ச்சுக்கு கேன்வாஸில் ஒரு கவரும் தைத்தார், காலர் வைத்து. வின்ச்சுக்குக் காலர் எதற்கு என்று கேட்டேன். "எடுப்பா இருக்கும்" என்றார்.

பாக்கி இருந்தது கயிற்றைச் சுற்றுகிற வேலை. இதற்கு மட்டும் அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "ஒரு முனையை டிரம்ல மாட்டுங்க. கொக்கியை மரத்துல மாட்டி, நான் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே வண்டியைத் தன்னால இழுத்துக்க விடறேன். வண்டி எடையில கயிறு இறுக்கமா ஏறணும். கையால சுத்தாதீங்க. சனிக்கிழமை முகாம் முடிஞ்சு வந்ததும் சேர்ந்து செய்யலாம்."

சனிக்கிழமை நானும் அவளும் தடுப்பூசி முகாமுக்கு ஸ்கூட்டரில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினோம். ஜீப்பின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமா நின்றிருந்தார். டிரம்மில் கயிறு ஏறியிருந்தது. வரிசை வரிசையாக, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரு முடிகூட நுழையாது. அவ்வளவு அழகான வின்ச்சை நான் கேட்லாக்கின் கேட்லாக்கிலும் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கால் வலி, பசி, தூக்கம். ஆனாலும் கேட்டாள். "இழுத்துச் சுத்தினீங்களா? வண்டியை யார் ஓட்டினா?"

"பக்கத்து வீட்டு டிரைவர் வந்தார்" என்றார் மாமா. பிறகு வாய் தன் பழக்கத்துக்குப் போயிற்று. "எல்லாம் முடிஞ்சுது. கவர்ல பட்டன்தான் பாக்கி."

பக்கத்து வீட்டு டிரைவர் ஒரு வாரமாக ஊரிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் நினைவில் இருந்ததெல்லாம் சாப்பாடு.

நடந்தது என்ன என்பதை மாமாவே பிற்பாடு சொன்னார். வெளியில் கொண்டுபோய் இழுத்துச் சுற்றினால், புத்தம்புதுக் கயிறு இருபத்தெட்டு மீட்டரும் தெரு மண்ணில் கிடந்து புரளுமே என்று மனசு கேட்கவில்லையாம். "புதுத் துணியை யாராவது மண்ணுல போட்டு இழுப்பாங்களா மாப்ளே?" அதனால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரம் கையாலேயே சுற்றியிருக்கிறார். எதிரே திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் எழுதிய சிவப்பு எழுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். சொந்தச் சுவரை எவன் படிக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. தொலைவில் ஒரு பண்ணை. எருமை விடியற்காலையிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன். மாமா வந்து முன்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மடியில் தையல் பை.

"என்னங்க இது?"

"நானும் வர்றேன்."

"குலுக்குமே?"

"குலுக்கட்டும்."

கயிற்றின் மேல் அத்தனை பெருமை என்று நினைத்து நானும் அக்காவும் ரியர்வியூ கண்ணாடி வழியாகச் சிரித்துக்கொண்டோம். அவரோ ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்ன பொய்யைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கிறார் என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்?

பண்ணைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, பாதை பள்ளமாக இறங்குகிற இடத்தில் ஜீப் பொதபொதவென்று உட்கார்ந்தது. சக்கரம் பாதி சேற்றுக்குள். எதிர்க் கரையில் ஒரே ஒரு மரம். நான் இறங்கி, கயிற்றை உருவிக்கொண்டு சேற்றில் நடந்து போய், மரத்தில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டினேன். இருபது மீட்டர் போயிருக்கும். எஃகாக இருந்திருந்தால் பாதி வழியில் என் இடுப்பு போயிருக்கும், இது பூ மாதிரி வந்தது. மாமா தன் மணல் சாக்கைக் கொண்டுவந்து கயிற்றின் மேல் போட்டுவிட்டு அக்காவிடம் போனார்.

"ஒரு விஷயம். அந்தப் பட்டன் பாக்கின்னு சொன்னேன்ல..."

"பட்டனை அப்புறம் பாத்துக்கலாங்க, தள்ளுங்க" என்று, ஜீப்பை ஒட்டி நின்ற அக்கா கையிலிருந்த வயர் ஸ்விட்சை அழுத்தினாள்.

கயிறு விறைத்தது. ஜீப் ஒரு முழம் முன்னால் வந்தது. அடுத்த நொடி டிரம்மில் ஏறிக்கொண்டிருந்த சுற்று, தளர்வாகக் கிடந்த அடிச்சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்து ஆப்பு மாதிரி மாட்டியது. மோட்டார் முனகியது. அக்கா நிறுத்துவதற்குள், மாட்டினது படாரென்று விடுபட்டு ஜீப் பின்னால் ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தக் குலுக்கலில் கயிறு, நசுங்கின இடத்தில் அறுந்தது.

இங்கேதான் நான் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது வருகிறது. ஜீப்பின் குலுக்கலுக்குப் பயந்த அந்த மனிதர், ஐம்பது கிலோகூடத் தேறாதவர், கயிறு அறுந்த சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்காவின் முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். என் முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கொடியிலிருந்து நழுவின ஈரத்துணி மாதிரி ஆரஞ்சுக் கயிறு சேற்றில் பொத்தென்று விழுந்து கிடந்தது, மணல் சாக்கு அதன் மேல்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு" என்றாள் அக்கா.

"பெரும்பாலும்னு சொன்னான்" என்று சொல்லிவிட்டு, சேற்றிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சொன்னார். "நான் இழுத்துச் சுத்தல. கையால சுத்தினேன். டிரைவரும் வரல, ஒருத்தனும் வரல. பொய் சொன்னேன்."

அக்கா அவரையும், டிரம்மையும், கயிற்றையும் பார்த்தாள். அவள் திட்டப்போகிறாள் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். "பட்டன்தான் பாக்கின்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குப் புத்தி வரல பாருங்க."

போன் அடித்தது. "டாக்டரம்மா, எங்க இருக்கீங்க?" "சேத்துல" என்று உண்மையைச் சொல்லி வைத்தாள்.

கையில் மிஞ்சிய இருபது மீட்டரை அப்படியே டிரம்மில் மாட்டலாம் என்றால், டிரம்மில் பத்துச் சுற்றாவது எப்போதும் இருக்கவேண்டும்; அதற்குப் போக மரம் எட்டாது. "ரெண்டு துண்டையும் முடிச்சுப் போட்ருவோம்" என்றேன். முடிச்சுப் போட்டால் பலம் பாதியாகிவிடும் என்று கேட்லாக் ஒப்பித்ததை மாமா எனக்குத் திருப்பி ஒப்பித்தார். அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "நான் நடந்தே போறேன்."

"இருபது நிமிஷம் குடு" என்றார் மாமா.

"நிஜ இருபது நிமிஷமா, தையல் கடை இருபது நிமிஷமா?"

"நிஜம்."

அவர் அறுந்த நுனியைக் கையிலெடுத்து இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கித் தள்ளினார். பன்னிரண்டு புரியும் விலகி, கயிறு வயிறு உப்பி, உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் தெரிந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "அட, இது பாவாடை நாடா மாப்ளே!" என்றார். தையல் பையிலிருந்து நாடா கோர்க்கும் மொட்டை ஊசியை எடுத்தார். ஒரு துண்டின் நுனியில் நூல்களைக் கழித்து ஒல்லியாக்கி, ஊசியோடு சேர்த்துக் கட்டி, மற்றத் துண்டின் வயிற்றுக்குள் விட்டார். முக்கால் மீட்டருக்குச் சுருக்கிச் சுருக்கித் தள்ளி, உள்ளேயே புதைத்தார். பிறகு அந்தத் துண்டின் நுனியை இதன் வயிற்றுக்குள். இழுக்க இழுக்க வெளிக்கயிறு இறுகி உள்கயிற்றைக் கவ்விக்கொண்டது. அதன் மேல் மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க ஆரம்பித்தார். ஆயிரம் பாவாடைக்கு நாடா கோத்த கை, ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

அதற்குள் நானும் அக்காவும் சக்கரங்களுக்கு முன்னாலிருந்த சேற்றை மண்வெட்டியால் வாரி ஓரமாகப் போட்டு, இழுப்புக் குறைய வழி செய்தோம். பிறகு டிரம்மில் சுற்றுகிற வேலை வந்தது. இந்த முறை இறுக்கமாக. இழுத்துப் பிடிக்க வண்டி எடை வேண்டும், வண்டியோ சேற்றில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் பருமனான உடம்பு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்கா மோட்டாரை மெதுவாக ஓட்ட, நான் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, உட்கார்ந்த வாக்கில் சேற்றில் இழுபட்டுக்கொண்டே போனேன். மாமா டிரம்முக்குப் பக்கத்திலிருந்து கத்தினார். "இறுக்கிப் பிடி மாப்ளே! லூசு நூல், சிக்கு நூல்!"

"அதை நேத்து யாருக்குச் சொல்லியிருக்கணும் மாமா?" என்று கேட்டேன். வாயில் சேறு இருந்ததால் அவருக்குக் கேட்டிருக்காது.

எழுந்து, மரத்தில் கொக்கியை மறுபடி மாட்டினேன். சாக்கைப் போட்டேன். போன் மறுபடி அடித்தது, அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அக்கா ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"ரெடியா?"

மாமா கயிற்றின் ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக நாற்பது தடவை வீதம் அவரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. அவருடைய உதடு தன்னால் "எல்லாம்" என்று ஆரம்பித்ததை நானே பார்த்தேன். அங்கேயே நின்றது.

"இல்ல" என்றார். "இன்னும் ஆகல. ஒரு தையல் லூசா இருக்கு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஸ்விட்சைக் கீழே இறக்கினாள். அவர் உட்கார்ந்து, அந்த ஒரு தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, எழுந்து, அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஜீப்பின் பின்பக்கம் நிறுத்தி, ஸ்விட்ச் வயர் எட்டுகிற மட்டும் தள்ளி நிறுத்தி, "இப்ப" என்றார்.

ஜீப் ஒரு பெருமூச்சு விட்டுச் சேற்றிலிருந்து எழுந்து கரையேறியது. ஒட்டு அசையவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எருமை கன்றை நக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் தானாகவே ஈன்றுவிட்டதாம். அக்கா தாயையும் கன்றையும் சோதித்துவிட்டு நன்றாக இருக்கின்றன என்றாள். எருமை தலை முதல் கால் வரை சேறான எங்கள் மூவரையும், இவர்களுக்கு என்ன ஆச்சு என்பது போல, கொஞ்ச நேரம் பார்த்தது.

மாமா திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு. மறுநாள் காலையில் கோட்டுக்கு வந்தவரிடம் "எல்லாம் முடிஞ்சுது, பட்டன்தான் பாக்கி" என்று சொல்லி அனுப்பினார். கோட்டுத் துணி அலமாரியில்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். வின்ச் கவருக்கும் இன்றுவரை பட்டன் வைக்கவில்லை, காலர் காற்றில் ஆடுகிறது.

ஆனால் காலையில் அக்கா ஜீப்பைக் கிளப்பிவிட்டு "ரெடியா?" என்று கேட்டால் மட்டும், மாமா ஷிஃபான் துண்டோடு வந்து கயிற்றின் முன்னால் குனிந்துகொள்கிறார். டிரம்மிலிருந்து வாய் வரை தடவுகிறார், ஒட்டை அழுத்திப் பார்க்கிறார்.

"இன்னும் ஆகல. ரெண்டு நிமிஷம்."

யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்காத என் அக்கா, இன்ஜினை அணைத்துவிட்டு, கதவில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறாள்.